உங்கள் கணக்கில் மகனைக் காணவில்லை

கேள்வி: எனக்கு 45 வயது, கணவருக்கு 48. இருவருமே தனியார் வேலையில் இருக்கிறோம். வேலையை விட்ட பிறகு மாதாமாதம் வரும் ஓய்வூதியம் எதுவும் கிடையாது, சேர்த்து வைத்ததுதான். மகளுக்கு 16 வயது, மகனுக்கு 10. இன்னும் 2 வருடத்தில் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் ஆசைப்படும் கல்லூரியில் 4 வருடப் படிப்புக்கு விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து எங்கள் இருவரின் 40 மாதச் சம்பளம் ஆகும். வேறொரு நல்ல கல்லூரியில் அதே படிப்புக்கு 18 மாதச் சம்பளம் போதும். பிள்ளைகள் படிப்புக்கென்று 11 மாதச் சம்பளம் வைத்திருக்கிறோம். மீதி 29க்கு, ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதியை எடுத்துவிடலாம் என்று கணவர் படிவம்கூட வாங்கி வந்துவிட்டார். "பிள்ளைகளைவிட வேறென்ன சேமிப்பு வேண்டும்" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் வயதான காலத்துக்காக மகளின் ஆசையில் குறுக்கே நிற்கிறேனோ, சுயநலமாக யோசிக்கிறேனோ என்றும் உறுத்துகிறது. என்ன செய்யட்டும்? பணத்தை எங்கே வைப்பது என்றும் சொல்லுங்கள். எங்கள் வரவு செலவு, சேமிப்பு விவரத்தைத் தனித்தாளில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தொகைகளை எல்லாம் "மாதச் சம்பளம்" என்ற அளவில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று. விலைவாசி ஏறும்போது சம்பளமும் ஏறக்குறைய கூடவே ஏறும் என்பதால், 10, 20 வருடம் தள்ளி நடப்பதையும் இன்றைய கண்ணால் பார்க்க முடிகிறது. இந்தப் பதிலிலும் அதே அளவையே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கண்ணில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். 40 தேவை, 11 இருக்கிறது, 29 குறைகிறது என்று கழித்திருக்கிறீர்கள். அந்த 11, பிள்ளைகள் இருவருக்காகவும் வைத்தது. உங்கள் கணக்கில் மகனைக் காணவில்லை. அவனுக்கு இப்போது 10 வயதுதான் என்பதால் மறந்திருப்பீர்கள். ஆனால் அவன் கல்லூரிக்குப் போகும்போது உங்கள் கணவருக்கு 56. படிப்பை முடிக்கும்போது 60. அவர் வேலையை விடப்போகிற அதே வருடம்! மகளுக்குச் செய்வதை மகனுக்கும் செய்வதென்றால் அப்போது எடுப்பதற்கு இன்னொரு பாதி வேண்டும். அதன் பிறகு இன்றைய சேமிப்பில் மிச்சம் எதுவும் இருக்காது.

இனி உங்கள் நிலவரம். மாதச் சம்பளம் 100 என்றால், வீட்டுச் செலவு 58, வீட்டுக்கடன் தவணை 17 (இன்னும் 9 வருடம்), ஓய்வுக்கால சேமிப்பு 15, மீதி 10. இந்தக் கடைசிப் பத்து "சில மாதம் நிற்கும், சில மாதம் போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வீட்டிலும் அந்தப் பத்து அப்படித்தான். ஓய்வுக்காலத்துக்கென்று இதுவரை சேர்ந்திருப்பது 58 மாதச் சம்பளம். உங்கள் வயதுக்கு இது நல்ல சேமிப்பு. இதைச் சேர்த்தவருக்குப் பண விஷயத்தில் ஒழுங்கு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதை உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள்.

அவருடைய 60 வயதில் இருவரும் வேலையை நிறுத்துவதாகத் திட்டம். சேமிப்பு, விலைவாசி ஏற்றத்தைவிட வருடத்துக்கு 3 சதவீதம் கூடுதலாக வளர்வதாக வைத்துக்கொள்கிறேன். ரொம்பப் பேராசையும் இல்லை, ரொம்பப் பயமும் இல்லை. 15ஐத் தொடர்ந்து போட்டு, வீட்டுக்கடன் முடிந்தபின் அந்த 17ஐயும் கடைசி 3 வருடம் இதிலேயே போட்டால், 60ல் உங்களிடம் சுமார் 114 மாதச் சம்பளம் இருக்கும். அப்போது பிள்ளைகள் செலவு இருக்காது, மருந்துச் செலவு கூடும். மாதத்துக்கு 44 தேவைப்படும் என்று எடுத்துக்கொள்கிறேன். வேலையை விட்டபின் பணத்தைப் பத்திரமான இடங்களில் வைப்பீர்கள், வளர்ச்சி விலைவாசிக்கு மேல் 2 சதவீதம்தான் என்று குறைத்தும் போட்டுப் பார்த்தேன். அந்தப் பணம் அவருக்கு 88 வயது ஆகும்வரை வரும்.

இதே கணக்கில், மகளின் 4 வருடத்தில் 29 மாதச் சம்பளத்தை எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். 60ல் இருப்பது சுமார் 77. அது அவருக்கு 77 வயது வரைதான் வரும்.

மகளின் 4 வருடத்துக்கு உங்கள் முதுமையில் 11 வருடம் போகிறது. எடுத்தது 29 என்றாலும் அது உள்ளேயே இருந்திருந்தால் 37 ஆகியிருக்கும். அவர் படிவத்தில் நிரப்பப்போகும் தொகைக்கும் நிஜமாக இழக்கப்போகும் தொகைக்கும் உள்ள இடைவெளி இது.

அந்த 11 வருடம் யாருடையது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு 77 ஆகும்போது உங்களுக்கு 74. அநேகமாக எல்லா நாடுகளிலும் பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களைவிடக் கூடுதல். கணவரைவிட 3 வயது இளையவர் வேறு நீங்கள். பணம் தீர்ந்த வருடங்களில் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். உங்கள் மனம் ஒப்பாததற்குச் சுயநலம் என்று பெயரிட எனக்கு மனமில்லை. உங்களை அறியாமல் நீங்கள் போட்ட கணக்கு அது. சரியாகவே போட்டிருக்கிறீர்கள்.

"பிள்ளைகளைவிட வேறென்ன சேமிப்பு" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. என் அப்பா ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில் பெரும்பகுதியை எங்கள் படிப்புக் கடன்களை அடைக்கக் கொடுத்துவிட்டார். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். கேட்டால் கொடுத்திருப்போம். ஆனால் கண்புரை அறுவைச் சிகிச்சையை அவர் 2 வருடம் தள்ளிப்போட்டது எங்களுக்குத் தெரியவே தெரியாது. செய்தித்தாள் படிப்பதை நிறுத்தியபோது, வயதாகிவிட்டது, ஆர்வம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டோம். கொடுக்கப் பிள்ளைகள் தயார்தான். கேட்க அவருக்குத்தான் வாய் வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கொடுத்தே பழகிய கை அது. உங்கள் கணவரும் அந்த ரகம் என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

சரி, மகளுக்கு என்னதான் கொடுக்க முடியும்?

முதல் 12 மாதம் அந்த மிச்சப் பத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். கையிருப்பாக 2 மாதச் செலவுதான் வைத்திருக்கிறீர்கள். இருவரில் ஒருவருக்கு வேலை போனால் அது நாலைந்து மாதத்தில் கரைந்துவிடும். ஒரு வருடம் சேர்த்தால் 4 மாதச் செலவாகும். அதற்குப் பிறகு மகள் படிப்பு முடியும்வரை 5 வருடம், மாதம் 10 என்று 6 மாதச் சம்பளம். படிப்புச் சேமிப்பில் அவள் பாதி ஐந்தரை. அவள் விடுதிக்குப் போனபின் வீட்டுச் செலவில் மாதம் 4 குறையும், அதில் சுமார் 2. எல்லாம் சேர்த்துப் பதின்மூன்றரை. உங்கள் மகளின் படிப்புக்கு நீங்கள் கொடுக்கக்கூடியது பதின்மூன்றரை மாதச் சம்பளம்.

மகனிடம் சரிபார்த்துவிடுவோம். அவனுடைய பாதி ஐந்தரை, 8 வருடம் வளர்ந்து 7 ஆகிறது. மகள் படித்து முடித்தபின், கணவரின் 54லிருந்து 60 வயது வரை அதே மாதம் 10 அவன் பக்கம் திரும்பினால் இன்னும் ஏழு சொச்சம். ஆக 14. இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை வருகிறது. மூத்த பிள்ளைக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான வழி, அதையே இளைய பிள்ளைக்கும் செய்ய முடியுமா என்று பார்ப்பதுதான்.

18 ஆகும் கல்லூரியில் சேர்ந்தால் நாலரை குறையும். 40 ஆகும் கல்லூரி என்றால் இருபத்தாறரை குறையும். இந்தக் குறைக்குத்தான் கல்விக்கடன். கடன் என்றாலே கூச்சப்பட வேண்டாம், ஆனால் எவ்வளவு கடன் என்பதில் கறாராக இருங்கள். படித்து முடித்ததும் கிடைக்கக்கூடிய முதல் வருடச் சம்பளத்துக்கு மேல் மொத்தக் கடன் போகக்கூடாது என்பது என் தொழிலில் பலரும் சொல்லும் வரம்பு. உங்கள் மகள் ஆரம்பத்தில், இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்குவதில் 40 சதவீதம் சம்பாதிப்பாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய ஒரு வருடச் சம்பளம் உங்கள் 4.8 மாதச் சம்பளம். நாலரை கடன் வரம்புக்குள் வருகிறது. 9 சதவீத வட்டியில் 7 வருடத் தவணை என்றால் அவள் சம்பளத்தில் 18 சதவீதம் போகும். கொஞ்சம் இறுக்கம், ஆனால் மூச்சுவிடலாம். இருபத்தாறரையை அதே வட்டியில் 10 வருடத்துக்குக் கட்டினால், சம்பளத்தில் 84 சதவீதம்! படிக்கும் காலத்து வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

ஆகவே கனவுக் கல்லூரிக்கு முழுக்கக் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனைக்கும் என் பதில் 'வேண்டாம்'தான். கல்விக்கடனில் பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டிவரும். அவளால் கட்ட முடியாத மாதம் வங்கி உங்களைத்தான் தேடி வரும். கடன் அவள் பெயரில் இருக்கிறது, நமக்கென்ன என்று நினைக்கவே வேண்டாம்.

40க்கும் 18க்கும் நடுவே உள்ள 22 எதை வாங்கித் தருகிறது என்பதைத்தான் இந்த 2 வருடத்தில் நீங்கள் மூவரும் விசாரிக்க வேண்டும். கல்லூரிகள் விளம்பரத்தில் போடுவது அந்த வருடத்தின் மிக உயர்ந்த சம்பளத்தை. அது ஒரே ஒரு மாணவருடையது. சராசரி என்று ஒன்று சொல்வார்கள். அந்த ஒருவரின் சம்பளமே சராசரியைத் தூக்கிவிடும். நீங்கள் கேட்க வேண்டியது நடு எண்ணை. எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவர் எவ்வளவு வாங்குகிறார்? மொத்தம் படித்தவர்களில் எத்தனை பேர் இந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? வேலை கிடைக்காதவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார்களா? உங்கள் மகள் எடுக்க நினைக்கும் பாடத்தில் எவ்வளவு? இந்த நான்குக்கும் நேரான பதில் தராத கல்லூரியின் பெயருக்காக 22 மாதச் சம்பளம் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். நேரான பதில் வந்து, வித்தியாசமும் பெரிதாக இருந்தால், உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்று எழுதிக் கேளுங்கள். விண்ணப்பத்தில் அறிவித்த கட்டணம்தான் கடைசிக் கட்டணம் என்று எல்லா இடத்திலும் சொல்லிவிட முடியாது. முதல் பட்டத்தைச் செலவு குறைந்த இடத்தில் முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு அந்தக் கனவுக் கல்லூரிக்குப் போகிற வழியும் இருக்கிறது. முகப்பில் எழுதியிருக்கும் பெயர் அப்போதும் அதே பெயர்தானே.

மகளிடம் பேச வேண்டியது இப்போது. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகு "முடியாது" என்பதும், விண்ணப்பிப்பதற்கு முன்பே "எங்களால் பதின்மூன்றரை முடியும்" என்பதும் வேறு வேறு. கடிதம் வந்த பிறகு என்றால், கிடைத்ததைக் கையிலிருந்து பிடுங்கினீர்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். இப்போதே தெரிந்தால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவளே தேட ஆரம்பிப்பாள். 16 வயதுப் பெண்ணுக்கு வீட்டின் சம்பளக் கணக்கைக் காட்டலாமா என்று தயங்குவீர்கள். காட்டுங்கள். மேலே எழுதிய 58, 17, 15, 10ஐ ஒரு தாளில் எழுதி அவள் முன்னால் வையுங்கள். "உனக்காக எதையும் செய்வோம்" என்ற வார்த்தையை மட்டும் அன்று சொல்லாதீர்கள். எதையும் என்றால் எவ்வளவு என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

40, 18 என்ற இரண்டு தொகைகளும் இன்றைய கட்டணத்தை வைத்துப் போட்டவை. பல நாடுகளில் கல்லூரிக் கட்டணம் பொதுவான விலைவாசியைவிட வேகமாக ஏறியிருக்கிறது. 72ஐ வருட ஏற்றத்தின் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்பது தெரியும். 1494லேயே லூக்கா பாச்சியோலி என்ற இத்தாலியக் கணக்கறிஞர் எழுதிவைத்த குறுக்குவழி இது. 8 சதவீதம் ஏறினால் 9 வருடத்தில் இரட்டிப்பு. மகளைவிட மகனுக்குத்தான் இது உறைக்கும். கட்டணம் ஏறினாலும் உங்கள் 13.5 மாறாது, தேடும் இடம்தான் மாற வேண்டும்.

பணத்தை எங்கே வைப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மகளுக்கான பணம் 2 வருடத்தில் தேவைப்படுகிறது, அதில் ஒரு துளிகூடப் பங்குச்சந்தையில் இருக்கக்கூடாது. 2008ல் உலகின் பெரிய சந்தைகள் பல, ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தன. 40 சதவீதம் விழுந்தது பழைய இடத்துக்கு வர 67 சதவீதம் ஏற வேண்டும். அதுவரை கல்லூரி காத்திருக்காது. மகன் பணத்துக்கு 8 வருடம் இருப்பதால் அதில் ஒரு பகுதி சந்தையில் இருக்கலாம், கடைசி 3 வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்துவிடுங்கள். ஓய்வுக்காலப் பணத்தை இப்போது இருக்கும் விதத்திலேயே விடுங்கள்.

காப்பீடு பற்றி ஒரு வரி போதும்: மகன் படித்து முடிக்கும்வரை இருவர் பெயரிலும் சேமிப்பு கலக்காத, வெறும் ஆயுள் காப்பீடு இருக்கட்டும், வீட்டுக்கடனும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அதில் அடங்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 88 வயது என்ற கணக்கு எல்லாம் சீராக நடந்தால் வருவது. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல், 1926 முதலான சந்தை வரலாற்றை வைத்துப் பார்த்து, முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதத்தை எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டு போனால் 30 வருடம் தாங்கும் என்றார். ஒரு நாட்டின் பழைய வரலாறு அது, வேதமில்லை. உரசிப் பார்க்க உதவும். 114ல் 4 சதவீதம் என்றால் மாதத்துக்கு 38 வருகிறது. உங்களுக்குத் தேவை 44. ஆக, சேமிப்பைத் தொடாமல் விட்டாலும் கொஞ்சம் துண்டு விழுகிறது. இருவரும் இன்னும் 2 வருடம், அவருடைய 62 வரை வேலை செய்தால் அந்த 38 என்பது 43 ஆகிவிடும். இதை இப்போதே முடிவு செய்ய வேண்டாம், மனதில் போட்டுவையுங்கள். ஆனால் பாதியை எடுத்துவிட்டால் அதே கணக்கில் மாதத்துக்கு 26 கூட வராது. அதை ஈடுகட்ட 2 வருட உழைப்பு போதாது.

படிவம் விஷயமாகக் கணவரிடம் சண்டை போடாதீர்கள். கல்லூரிக்கு இன்னும் 2 வருடம் இருக்கிறது, இன்றே எடுத்தால் அந்த 2 வருட வளர்ச்சியும் சும்மா போகும் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் கணக்குப் பார்ப்பவர்தான், ஒத்துக்கொள்வார். மகளோடு உட்கார்ந்து பேசி, கல்லூரிகளிடமிருந்து அந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் வரும்வரை படிவம் அலமாரியிலேயே இருக்கட்டும். பதில்கள் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். நடு எண் என்னவென்று தெரிந்தால், மேலே உத்தேசமாகப் போட்ட 40 சதவீதத்தை மாற்றிக் கடன் வரம்பை மறுபடி கணக்கிட்டுத் தருகிறேன்.